பன்னிரண்டு டின் பெயிண்ட்

"நல்லா இருக்கிற சுவருக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சா, பட்ஜெட்ல துண்டு விழாம வேற என்ன விழும்?"

பென்ஷன்காரர் செய்தித்தாளைச் சுருட்டி, அதாலேயே ஜன்னலுக்கு வெளியே காட்டினார். அரசு குழந்தைகள் மருத்துவமனையின் முன்சுவரில் ஓர் ஆள் ஏணி போட்டு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தான்.

பேரனுக்குச் சளி என்று வந்தவர், வரிசையில் இருந்த எல்லோருக்கும் சேர்த்து நாட்டுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். போன வருஷத்தைவிடப் பற்றாக்குறை கூடிவிட்டதாம். காரணம் இலவசங்கள் என்றார். மந்திரிகளின் கார்கள் என்றார் பின்னாலிருந்து ஒருவர். வேலை செய்யாதவர்களுக்குச் சம்பளம் என்றாள் ஒருத்தி. பென்ஷன் செலவையும்தான் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ எடுத்துக்கொடுக்க, அவர் விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விட்டார்.

பெஞ்சின் ஓரத்தில் இருந்த இளம் தாய் எதையும் காதில் வாங்கவில்லை. மடியில் எட்டு மாதக் குழந்தை. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் விலா உள்ளே குழிந்தது. நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணினாள். ஐம்பதைத் தாண்டியதும் பயந்து நிறுத்தினாள். தப்பாக எண்ணியிருக்கலாம் என்று முதலிலிருந்து தொடங்கினாள்.

தலைமை நர்ஸ் வந்து பார்த்தார். பார்த்த உடனே அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

"நெபுலைசர் வைக்கணும்மா. இங்கே இருந்த மெஷின் போன மாசமே போயிடுச்சு. ஆட்டோ பிடிச்சுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு. படுக்க வைக்காதே, தோள்லயே நிமிர்த்தி வச்சுக்கோ."

புதிதாக ஒன்று வாங்கக் கூடாதா என்று பென்ஷன்காரர் மடக்கினார். நாலு தடவை எழுதிவிட்டோம் என்றார் நர்ஸ். பற்றாக்குறை, இந்த வருஷம் கருவி எதுவும் கிடையாது என்றே பதில் வருகிறது. பெயிண்டுக்கு மட்டும் கேட்காமலே பணம் வந்திருக்கிறது. வருஷக் கடைசிக்குள் செலவழிக்காவிட்டால் அதுவும் திரும்பிப் போய்விடும். ஒன்றுக்கு வந்த பணத்தை இன்னொன்றுக்குத் தொட்டால் வேலை போய்விடும்.

இதையெல்லாம் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லிவிட்டு, ஆட்டோவைக் கூப்பிட அவரே வாசலுக்கு ஓடினார்.

பெரிய ஆஸ்பத்திரி போய்ச்சேர ஒரு மணி நேரம் ஆனது. குழந்தை அழுதிருந்தால்கூடத் தேவலை. அது அழவில்லை. உதடு லேசாக நீலம் பூத்ததை அவள் பார்த்தாள்; பார்க்காததுபோல முந்தானையால் துடைத்தாள்.

பிழைத்துக்கொண்டது.

மறு வாரம் அவள் பழைய மருத்துவமனைக்கே இருமல் மருந்து வாங்க வந்தபோது பென்ஷன்காரர் அவளுக்காகவே காத்திருந்தவர்போலப் பிடித்துக்கொண்டார். முன்சுவர் மட்டும் பளபளக்கிறது, பின்பக்கம் பாசி அப்படியே இருக்கிறது. பெயிண்ட் கடையில் விசாரித்துவிட்டார். பில் பன்னிரண்டு டின்னுக்கு. ஏணிக்காரன் கைக்கு வந்தது நாலு.

"மீதி எட்டும் நர்ஸம்மா வீட்டுச் சுவத்துல இருக்கும். பற்றாக்குறை எப்படி வருதுன்னு பேப்பர்ல தேடிக்கிட்டிருந்தேன். பேப்பரே வேண்டாம். நீ கான்வென்ட்ல படிச்ச பொண்ணு. உன் கையெழுத்துல ஒரு புகார் போனா மேலே இருக்கிறவன் படிப்பான்."

அவள் அன்றே எழுதினாள். டின் கணக்கோடு நிறுத்தவில்லை. ஆட்டோவில் போன ஒரு மணி நேரத்தையும், ஐம்பதுக்கு மேல் எண்ணப் பயந்ததையும் எழுதினாள். என் குழந்தையின் மூச்சுக்கு இல்லாத பணம் யார் வீட்டுக்குப் போனது என்று கேட்டு முடித்தாள். பெயரையும் விலாசத்தையும் முழுசாகப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்துக் குழந்தைக்கு மறுபடி மூச்சு இழுத்தது. மெஷின் வந்துவிட்டதா என்று கேட்டு வைக்கலாம் என்றுதான் உள்ளே ஓடினாள். ஆட்டோவை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். நர்ஸ் அவள் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப்போனார். மேஜைமேல் புது நெபுலைசர். உறைகூட முழுசாகப் பிரிக்கவில்லை.

முகமூடியைக் குழந்தையின் வாயிலும் மூக்கிலும் பொருத்தினார்கள். வெள்ளைப் புகையாக மருந்து இறங்கியது. கொஞ்ச நேரத்தில் விலா குழிவது குறைந்தது. ஆட்டோவை அனுப்பிவிடச் சொன்னாள்.

"பாத்தியாம்மா, உன் கடுதாசி வேலை செஞ்சிருச்சு," என்று பென்ஷன்காரர் கதவோரம் நின்று கிசுகிசுத்தார். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பயத்துக்கு நடுவிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் தணிக்கை அதிகாரி உள்ளே வந்தார். வெளியே சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார் போலும், காலணியில் பாசி ஒட்டியிருந்தது. அவர் கையில் இருந்த தாளில் தன் எழுத்துதான் என்று அவ்வளவு தூரத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது.

"பில்லுல பன்னிரண்டு டின். நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சுவத்துல நாலுதான் தேறுது. மீதி எட்டு டின் பணம் எங்கே போச்சு சிஸ்டர்?"

பென்ஷன்காரர் தொண்டையைச் செருமி, எழுதியது இந்தப் பெண்தான் என்று முன்னால் வந்து சொன்னார்.

நர்ஸ் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் எதுவும் இல்லை. குழந்தையின் முகமூடி நழுவியிருந்தது. குனிந்து அதைச் சரிசெய்தார்.

"இந்தக் குழந்தையோட முகத்துல இருக்கு சார். எடுத்துட்டுப் போறதுன்னா அஞ்சே நிமிஷம் பொறுங்க, மருந்து முடிஞ்சிடட்டும்."