பிறேக் பெட்டி

கராஜுக்குள் மூன்று பேர் இருக்கிறோம். கழற்றிப் பாதி மட்டும் திரும்பப் பூட்டிய என் பழைய மஸ்ராங் காரின் ஓட்டுநர் இருக்கையில், அதை இன்று வாங்கிய, பிறம்ரன் நகரத்துப் பெடியன் கீதன். கவிழ்த்த வாளியில் என் மனைவி அன்ரனெற். வேலைமேசையில் நான். ஜன்னல் வெளிச்சம், கழற்றிய பாகங்களைப் போட்டுவைத்த நாற்பது ஐஸ்கிறீம் பெட்டிகளில் விழுகிறது. எந்தப் போல்ட் எங்கே பூட்டுவதென்று ஒவ்வொன்றிலும் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். "அங்கிள், எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இட்ஸ் ஓகே, பார்த்துப் பூட்டுவன்" என்கிறான் கீதன். "பிறேக்கையுமோ?" என்று கேட்கிறேன். என் பேனை மூடி கைதவறி உருள்கிறது. "அம்மா வாசிப்பா" என்கிறான். "கனடாவில இருக்கிறதை இவர் மறந்துபோனார், தம்பி" என்று அன்ரனெற் சிரிக்கிறாள். வெளியே, காரை ஏற்றிப்போக வந்த இழுவை வண்டி ஹோர்ன் அடிக்கிறது. முகமறியாத அந்தத் தாய்க்கு எழுதுகிறேன்: "தங்கச்சி, பிறேக் பெட்டியை நீங்களே வாசித்துக் காட்டுங்கோ. அது பூட்டி முடியுமட்டும் காரின் திறப்பை மகனிட்டக் கொடுக்காதேங்கோ." காரைக் கிளப்பும் திறப்பையும் கடிதத்தோடு உறைக்குள் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டி, கீதனிடம் நீட்டுகிறேன். "இதை அம்மாட்டக் குடு. நீ உடைக்காதை."