உடம்புச் சூடு

பஸ் கிளம்பியதும் அவள் ஸ்வெட்டருக்குள் கையை விட்டு, டப்பா இருக்கிறதா என்று மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

இருந்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, மூடி இறுக்கிய சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் அவள் புருஷனின் விந்து.

உடம்புச் சூட்டிலேயே சீக்கிரமாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள் ஆஸ்பத்திரி நர்ஸ். நேரமாகி ஆறிவிட்டால் உள்ளே இருப்பவை சோர்ந்துவிடும், நல்லதுகூடக் கெட்டதாக ரிசல்ட் வரும் என்றாள்.

ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று ஓர் அறை உண்டு. முதல் சோதனைக்கு அவன் அதற்குள் போய், சுவரில் மாட்டியிருந்த அருவிப் படத்தை வெகுநேரம் பார்த்திருக்கிறான். ஒருவழியாக வெளியே வந்தவன், இனி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தான். அதனால் இந்தத் தடவை வீட்டிலேயே எடுத்தாயிற்று. அவனுக்குக் கடைக்கு நேரமாகிவிட்டதால் அடைகாக்கிற வேலை இவளுக்கு.

வெளியே தூறல். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து, தெருவும் கடைகளும் கரைந்து கரைந்து பின்னால் போயின.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே எத்தனை லட்சம் பேரோ, ஒருத்தருக்கும் டிக்கெட் எடுக்கவில்லை. கண்டக்டருக்குத் தெரிந்தால் மயக்கம் போட்டு விழுவார்.

முதல் சோதனையில் அவ்வளவு கூட்டம் இல்லை. இருந்த கொஞ்சநஞ்சமும் நீந்த மனமில்லாமல் கிடந்தது.

அவன் ரொட்டிக் கடையில் அடுப்பு மாஸ்டர். ராத்திரி முழுக்க அடுப்பின் வாயில் நிற்கிற வேலை. தூக்கத்தை விரட்ட சிகரெட், லீவு நாளில் பாட்டில், பகலில் கோழித் தூக்கம், மிஞ்சிய பன் எல்லாம் வயிற்றில். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மூன்று மாதம் அடுப்புப் பக்கமே போகக் கூடாது, அந்த அனல் இதற்கு ஆகாது, புகை கூடாது, குடி கூடாது, ராத்திரி தூங்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றார். புது விந்து உண்டாக்கி முடிக்க உடம்புக்கு அவ்வளவு நாள் ஆகுமாம். அப்படியும் தேறவில்லையென்றால் இன்னொரு மூன்று மாதம்.

அவன் முகம் தொங்கிப்போயிற்று. அடுப்பு என்றால் அவனுக்கு உயிர். முதலாளி நல்லவர், அதுவரை பகலில் கல்லாவில் உட்காரச் சொன்னார்.

கல்யாணமாகி ஆறு வருஷம். புருஷன் என்பது விடிகாலையில் மாவு வாசனையோடு வந்து, அவள் எழுந்த சூட்டில் படுத்துக்கொள்கிற ஓர் உருவம். அவள் கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பும்போது குறட்டை விடும். அவள் திரும்பும்போது சட்டை மாட்டிக்கொண்டிருக்கும். பேச்சுவார்த்தை எல்லாம் வாசற்படியில்தான்: காஸ் தீர்ந்துபோச்சு, உங்கம்மா போன் பண்ணினாங்க.

இந்த மூன்று மாதமும் சாயங்காலம் இருவரும் ஆற்றோரம் நடந்தார்கள். சிகரெட் இல்லாத எரிச்சலில் முதலில் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தான். பிறகு பேச ஆரம்பித்தான். சின்ன வயதில் மீன் பிடிக்கப் போய்ச் செருப்பைத் தொலைத்தது, அதற்கு அப்பாவிடம் வாங்கிய அடி, அடி வாங்கியபோதும் கையிலிருந்த மீனை விடாதது. அவள் நின்று நின்று சிரித்தாள்.

ராத்திரி அவள் பக்கத்தில் தூங்கினான். தூக்கத்தில் அவள்மேல் காலைத் தூக்கிப் போட்டான். கனமான கால். அவள் அதை நகர்த்தவே இல்லை.

இன்று காலை டப்பாவைக் கொடுக்கும்போது அவன் முகத்தில் அத்தனை வெளிச்சம்.

"இது மட்டும் நல்லா வந்துடுச்சுன்னா திங்கக்கிழமையே அடுப்புக்குப் போயிடலாம். முதலாளிகிட்ட சொல்லிட்டேன், பழையபடி நைட் ஷிப்ட்தான்."

அவள் சிரித்துத் தலையாட்டினாள். பத்திரமாகக் கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், வயிற்றைப் பொத்தியிருந்த அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"முதல் குழந்தையாம்மா?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அது பொய்யா என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. அந்த அம்மாள் எழுந்து ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள்.

குழந்தை வேண்டும். வேண்டாமென்று யார் சொன்னது? அக்கம்பக்கத்துக் குழந்தையைத் தூக்கினால் கீழே இறக்க அவளுக்கு மனசே வராது.

டப்பாவின் இளஞ்சூட்டில் கண் சொருகியது. ஆற்றோரம் தெரிந்தது. அவள் நடந்துகொண்டிருந்தாள், கூடவே ஒரு பொடிசு. பொடிசின் ஒரு கை அவள் விரலைப் பிடித்திருந்தது. இன்னொரு கை வெறுமனே காற்றில் ஆடிக்கொண்டு வந்தது. அதைப் பிடிக்க வேண்டிய ஆள் வீட்டில் ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

கண்டக்டர் ஆஸ்பத்திரி ஸ்டாப் என்று கூவினார்.

பஸ் நின்றது. குடையை விரித்துக்கொண்டு நாலைந்து பேர் இறங்கினார்கள். கண்டக்டர் இவளைப் பார்த்து இன்னொரு முறை கூவினார்.

அவள் எழுந்திருக்கவில்லை.

பஸ் நகர்ந்ததும் ஸ்வெட்டரைத் தூக்கி டப்பாவை வெளியே எடுத்தாள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, சாரல் படுகிற விளிம்பில் அதை வைத்து, விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டாள். கடைசி ஸ்டாப்வரை போய்விட்டுத் திரும்புகிற பஸ்ஸில் வந்து கொடுத்தால் போதும். எப்போது எடுத்தது என்று நர்ஸ் கேட்டால், இப்போதுதான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பாவம், ரிசல்ட் வருகிற அன்று அவன் நொறுங்கிப்போவான். அவள்தான் தேற்ற வேண்டும். இன்னும் மூன்று மாதம்தானே என்று சொல்ல வேண்டும். குரலில் சந்தோஷம் தெரிந்துவிடாமல் சொல்ல வேண்டும்.