செவ்வந்திக்கு ஊற்றிய பசளை

அந்த வெயிலில் அரியாலை ஊரின் செவ்வந்தியெல்லாம் கருகிப் போக, தவமணியின் வேலியோரம் மட்டும் மூன்றாம் மாதமும் பூத்துக் குலுங்கியது.

வாளியோடு வந்தவளைப் பக்கத்து வீட்டு நேசம்மா வேலிக்கு மேலால் மறித்தாள். செடிகளை வேரோடு பிடுங்கிய அவளுடைய பாத்தி வெறுமையாய்க் கிடந்தது.

"என்ன பசளையடி போடுறாய்?"

"மாட்டு மூத்திரம் அக்கா. தண்ணி கலந்து ஊத்திறன்."

"மாட்டைத்தான் பொங்கலோடை வித்துப்போட்டியே?"

"அது... வேறை ஆக்களிட்டை..."

"ஆரிட்டை? இந்த ஒழுங்கையிலை எந்த மாடு நிக்குது?"

தவமணி வாளியைச் சீலைத் தலைப்பால் மூடினாள். தெருவில், சண்டைக்குப் பிள்ளை பிடிக்கிறவர்களின் ஜீப் உறுமிக்கொண்டு போனது. கொழும்புக்கு அனுப்பிவிட்டேன் என்று அவள் ஊருக்கெல்லாம் சொன்ன மகன், அறைக்குள் நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். கக்கூசுக்குக்கூட அவனை வெளியே விட முடியாது. பூவுக்கு ஊற்றுகிறவளின் வாளியை எவன் எட்டிப் பார்க்கப் போகிறான் என்றுதான் நினைத்திருந்தாள்.

நேசம்மா குரலைத் தாழ்த்தினாள். "இண்டைக்கே எல்லாத்தையும் பிடுங்கி எறி. நான் கேட்டதை நாளைக்கு உவங்கள் கேப்பாங்கள்."

"உங்களுக்கு எப்பிடியக்கா..."

"என்ரை பெடியன் இந்தியாவிலை எண்டு நீயும் நம்பினனிதானே? என்ரை செவ்வந்தியும் உப்பிடித்தான் பூத்தது."