பத்தடிக்குள்

பூங்குழலிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மலைமேல் அரியூர் நாட்டில் அவர்கள் வீட்டுக்கு செல்போன் டவரும் எட்டாது. அதனால் அவள் கணவன் தங்கராசு மலையிறங்கிப் போய், காளப்பநாயக்கன்பட்டியில் காலித்தின் செல்போன் கடையில் இரண்டு போன்களிலும் ஒரு ஆப் ஏற்றிக்கொண்டான்.

“இது சத்தத்துலயே மெசேஜ் அனுப்புமுங்க,” என்றார் காலித். “அந்தச் சத்தம் மனுசங்களுக்குக் கேக்காது, நாய்க்கு வேணா கேக்கும். பத்தடிக்கு மேல போகாதுங்க.”

“அப்ப இதுல எனக்கும் அவளுக்கும் ஒரே காதுதானுங்க,” என்று தங்கராசு சிரித்தான்.

தினமும் காட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ‘வாரேன்’ என்று அனுப்புவான். கிளம்புகிறவர் போறேன் என்று சொல்லக் கூடாது. வீட்டு நாய் காதை நிமிர்த்தும். அடுப்படியில் அவள் போன் அதிரும். ‘போயிட்டு வாங்க’ என்று பதில் அனுப்புவாள்.

தை மாதம் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து தங்கராசு இறந்தான். உடைந்துபோன அவன் போனையும் அவனோடு புதைத்தார்கள்.

நேற்றுக் காலை பூங்குழலி களி கிண்டிக்கொண்டிருந்தாள். வாசலில் படுத்திருந்த நாய் காதை நிமிர்த்தியது. போன் அதிர்ந்தது.

‘வாரேன்.’

கிளம்புகிறவரும் அதைத்தான் சொல்வார், திரும்பி வருகிறவரும் அதைத்தான் சொல்வார். பழக்கத்தில் அவள் விரல் ‘போயிட்டு வாங்க’ என்று எழுதிவிட்டது. அவள் அனுப்பவில்லை. முதல் சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். மிஞ்சியதை அனுப்பினாள்.

‘வாங்க.’

நாய் எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டே, ஓர் ஆள் உள்ளே நுழையும் அளவுக்கு ஒதுங்கிப் படுத்தது.