அம்பதைத் தாண்டினால்

"ஊரே சிரிக்கும்டா. இந்த வயசுல ரேஸுக்கா போகப் போறே?"

கடை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அக்கா ஆரம்பித்துவிட்டாள். அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டுத் திரும்பும் வழியில், "ஒரு சின்ன வேலைக்கா" என்று தம்பி காரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். சின்ன வேலை என்னவென்று இப்போதுதான் தெரிந்தது.

ரிட்டயர் ஆன மனுஷன், தன் குட்டிக் காருக்கு வேகம் காட்டும் ஸ்போர்ட்ஸ் மீட்டர் மாட்டுகிறான்!

கழற்றிய பழைய மீட்டர் பெஞ்சில் கிடந்தது. சாதுவான வெள்ளை எழுத்து, மெலிந்த முள். அதன் இடத்தில் கறுப்பு முகமும் சிவப்பு முள்ளுமாக இரண்டு பெரிய வட்டங்களை மெக்கானிக் பொருத்திக்கொண்டிருந்தார்.

"பழசுக்கு என்ன கேடு? ஓடலையா?"

"ஓடுதுக்கா."

"அப்புறம்?"

"சும்மாதான்."

சும்மாவாம்! அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வீட்டுல ஜன்னல் திரை கிழிஞ்சு தொங்குது. அதை மாத்த உனக்குத் துப்பில்லை. காருக்கு அலங்காரம் கேக்குதா?"

தம்பி கார் ஜன்னலுக்குள் தலையை விட்டு, வேலை நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பி பொண்டாட்டி போய்ச் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம்கூட முடியவில்லை. அவள் இருந்திருந்தால் இந்தக் கூத்து நடக்குமா? அந்த மகராசி காரில் ஏறினால் ரோட்டைப் பார்க்கவே மாட்டாள். பக்கத்து சீட்டிலிருந்து எட்டி எட்டி முள்ளைத்தான் பார்ப்பாள். "அம்பது தாண்டிடுச்சுங்க! அம்பது!" இவனும் "சரிம்மா" என்று காலை எடுப்பான். கொஞ்ச தூரம் போவதற்குள் மறுபடியும் அதே பாட்டு.

பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அக்காவுக்குக் காது புளித்துப் போயிருந்தது. "உன்னை ஏத்திக்கிட்டு இவன் தள்ளுவண்டிதான் ஓட்டணும்" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். "தள்ளுவண்டியா இருந்தாலும் அம்பதுதான் அண்ணி" என்று அவள் சிரிப்பாள்.

இப்போது தட்டிக்கேட்க ஆளில்லை. ஐயாவுக்குச் சிவப்பு முள் கேட்கிறது.

மெக்கானிக் சாவியைத் திருப்பினார். இரண்டு முட்களும் விருட்டென்று உச்சி வரை போய்த் திரும்பின.

"செமையா இருக்கு சார்!"

"யார்கிட்டக் காட்டடா இந்த மினுக்கு?" அக்காவின் நாக்கு எல்லை தாண்டியது. "முன்சீட்டுல புதுசா யாரையாவது உட்கார வைக்கப் போறியா?"

தம்பி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். திரும்பவும் குனிந்துகொண்டான்.

மெக்கானிக் ஏதோ கேட்டார். தம்பி அவர் காதோடு பதில் சொன்னான்.

"அய்யோ, எல்லாரும் நூறுக்கு மேலதான் சார் வைக்கச் சொல்வாங்க. நீங்க சொல்ற மாதிரி வச்சா ஒரே தொல்லையா இருக்கும்."

"இருக்கட்டும்."

அக்காவின் காதில் நூறு மட்டும்தான் நின்றது.

"நூறா? நான் பஸ்லயே போய்க்கறேன், ஆளை விடு!"

"ஏறுக்கா. பத்திரமாக் கொண்டு போய் விடறேன்."

முணுமுணுத்துக்கொண்டே பழக்கப்படி பின்சீட்டில் ஏறினாள். முன்னால் வந்து உட்கார் என்று அவனும் சொல்லவில்லை.

பெரிய ரோட்டில் கார் வேகம் பிடித்தது. அக்கா முன்சீட்டின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், மெதுவா! நான் இன்னும் பேரன் பேத்தி பார்க்கணும்."

பீப்! பீப்! பீப்!

புது மீட்டர் அலறியது.

"போச்சு! மாட்டின சூடு ஆறலை, அதுக்குள்ள கெட்டுப்போச்சு. திருப்புடா கடைக்கு. அந்த ஆளை நாலு கேள்வி கேக்கறேன்."

தம்பி காலை எடுத்தான். முள் இறங்கியது. சத்தம் நின்றது.

"சரிம்மா" என்றான்.

அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்துச் சொன்னான்.

அக்கா எட்டிப் பார்த்தாள். சிவப்பு முள் ஐம்பதுக்குச் சற்றுக் கீழே நின்றிருந்தது.

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்ட தம்பிக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"பழசுல இந்த வசதி கிடையாதுக்கா. வேகத்தை நாம சொல்லி வச்சுட்டா, தாண்டினதும் இது கத்தும்." கியரை மாற்றிக்கொண்டே சொன்னான். "அவ போனதுலேர்ந்து வண்டி ரொம்ப அமைதியா இருந்துச்சு. எவ்வளவு வேகமாப் போனாலும் யாரும் ஒண்ணும் சொல்லலை."

முன்சீட்டின் முதுகைப் பிடித்த பிடியை அக்கா விடவில்லை.

"நீ பயப்படாதே. இனிமே மெதுவாவே போறேன்."

சொன்னபடியே போனான். முள் நாற்பதைத் தொடவில்லை. மீட்டர் மூச்சுவிடவில்லை. காலி சீட்டின் பெல்ட் மட்டும் பள்ளம் மேட்டில் லேசாக ஆடிக்கொண்டு வந்தது.

அக்காவின் தெரு திரும்புவதற்கு முன்னால் நீளமாக, ஆளில்லாமல் ஒரு ரோடு வந்தது.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். முந்தானையால் கண்ணை ஒற்றினாள். டாக்டர் விட்ட சொட்டு மருந்து என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு வழக்கமான அதட்டலோடு சொன்னாள்:

"என்னடா இது, தள்ளுவண்டி மாதிரி உருட்டறே? கொஞ்சம் அழுத்து. அம்பதைத் தாண்டட்டும்."