நீல நாடாத் தொப்பி

நாளைக்குத்தான் கப்பல். நேப்பிள்ஸை நாளெல்லாம் சுற்றிய அலுப்பில் ஒர்னெல்லாவும் அவள் கணவன் சில்வானோவும் ஒரு காப்பிக்கடைக்குள் நுழைந்தார்கள். மதியம் வாங்கிய நீல நாடாத் தொப்பி அவன் தலையில் இருந்தது.

பின்னால் வரும் யாருக்கோ ஒரு காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டுப் போவது அவ்வூர் வழக்கம்.

"ஐயா காப்பிக்குக் காசு வந்தாச்சு," என்றார் கடைக்காரர்.

"யாரு கொடுத்தா?" என்றாள் ஒர்னெல்லா.

"நீங்கதாம்மா! காலையில கறுப்பு உடுப்புல, கப்பல்லேர்ந்து தனியா வந்து, 'என் வீட்டுக்காரர் வருவார்'னு அழுதீங்களே."

"ஓசிக் காப்பிக்குத் தனி ருசிடி," என்று சிரித்தபடி சில்வானோ ஒரே மடக்கில் குடித்தான்.

"கப்பல் வேண்டாங்க. ஊருக்குப் போயிடலாம்."

"கால் வலிச்சா நீ இப்படித்தான்."

கடைக்காரர் மேசைக்கடியிலிருந்து எதையோ எடுத்து அவளிடம் நீட்டினார். "இதை விட்டுட்டுப் போயிட்டீங்க."

அதே நீல நாடாத் தொப்பி. உப்புப் பூத்து, இன்னும் ஈரமாக இருந்தது.