இரண்டாம் பாகம்

சோழருக்குப் பிறகு கடலைக் கட்டியாண்ட தமிழர் தேவப்பிரியம் ஒருவரே. பருப்பு மண்டியின் மாடியில், நானூறு கப்பல் வரலாற்று நூல்கள் அடுக்கிய அலமாரியிலிருந்து ஆண்டுவருகிறார். இப்போது ராயபுரம் பழைய பேப்பர் கடையில், பாய்மரக் கப்பல்கள் பற்றிய தடித்த நூலொன்றின் இரண்டாம் பாகத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருக்கிறார். அதன் மறுமுனை, துறைமுகத்தில் லாஞ்ச் படகு ஓட்டும் டில்லிபாபுவின் கிரீஸ் படிந்த விரல்களில். தராசுத் தட்டில் பட்ட வெயில் இருவர் முகத்திலும் அடிக்கிறது. வெளியே கண்டெய்னர் லாரி விடாமல் ஹாரன் அடிக்கிறது. “கைய எடுல. இது அறிஞர்க படிக்கிற புஸ்தகம்,” என்கிறார் தேவப்பிரியம். “நான்தான் மொதல்ல எடுத்து வெச்சேன். நீ இன்னா, கடலையே பட்டா போட்டுக்கினியா?” “பேஜாரு பண்ணாதீங்க. யாரு படிப்பீங்களோ எடுத்துக்கினு கெளம்புங்க,” என்கிறாள் கடைக்காரி பட்டம்மாள்.

தேவப்பிரியம் புன்னகைத்தபடி, மறு கையால் பையிலிருந்து முதல் பாகத்தை எடுத்துத் தராசில் வைக்கிறார். “பதினோரு வருசமா எங்கிட்ட இருக்கு. வரிவரியா கரைச்சுக் குடிச்சிருக்கேன்.” டில்லிபாபு அதைப் புரட்டுகிறான். தாள்கள் பிரிய மறுக்கின்றன. மடிந்து ஒட்டியிருக்கும் ஓரங்களைக் கத்தியால் கிழித்தால்தான் படிக்க முடியும், அப்படியொரு பழைய அச்சு. முன்னுரைக்கு அப்பால் ஒரு தாளும் கிழிக்கப்படவில்லை.